ஷீப் கிரீக் பனிச்சரிவு, 2013: அபாயத்தை அறிந்தே சென்ற ஆறு பேர்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், லவ்லாண்ட் கணவாய்க்கு அருகே உள்ள ஷீப் கிரீக் என்ற ஓடைப் பள்ளத்தில், 2013 ஏப்ரல் 20 சனிக்கிழமை காலை பத்தேகால் மணியளவில் ஒரு பெரும் பனிச்சரிவு நிகழ்ந்தது. அதில் சிக்கிய ஆறு பேரில் ஐவர் இறந்தனர். ஒருவர் மட்டும், உடலின் பெரும்பகுதி புதைந்த நிலையில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் கிடந்து, உயிருடன் மீட்கப்பட்டார். 1962-இல் ட்வின் லேக்ஸ் என்ற சிற்றூரின் வீடுகள் மீது பனி சரிந்து ஏழு பேர் மாண்டதற்குப் பிறகு, அந்த மாநிலத்தில் ஒரே பனிச்சரிவில் இத்தனை பேர் இறந்ததில்லை.

இந்த நிகழ்வை விரிவாக ஆராய வேண்டியதற்கு எண்ணிக்கையை விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அந்த ஆறு பேரும் மலைக்குப் புதியவர்கள் அல்லர். பனிமலையில் ஆண்டுக்கணக்கில் பழகியவர்கள், அவர்களில் ஒருவர் தொழில்முறை மலை வழிகாட்டி. பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் பீக்கன், ஆழம் பார்க்கும் கம்பி, மண்வாரி ஆகிய மூன்றும் அவர்களிடம் இருந்தன. அன்றைய பனிச்சரிவு முன்னறிவிப்பைப் படித்திருந்தார்கள். எந்தச் சரிவு ஆபத்தானது என்று தங்களுக்குள் பேசி, அந்தச் சரிவைத் தவிர்க்கவே ஒரு வழியையும் வகுத்திருந்தார்கள். அவர்கள் தவிர்க்க நினைத்த அதே சரிவுதான் இடிந்து அவர்கள் மீது விழுந்தது. அறியாமை, அலட்சியம் என்ற வழக்கமான விளக்கங்கள் இங்கே பொருந்தாது. அபாயம் இருக்கிறது என்பதை அவர்கள் சரியாகவே அறிந்திருந்தார்கள். அது எவ்வளவு பெரியது என்ற அளவில்தான் கணக்கு தவறியது என்பது என் முடிவு. அதற்கான ஆதாரங்களைப் பனிப்படலத்திலிருந்தே தொடங்கிப் பார்க்கலாம்.

இடம்

லவ்லாண்ட் கணவாய் டென்வர் நகருக்கு மேற்கே, ராக்கி மலைத்தொடரின் நீர்பிரி முகட்டில், 11,990 அடி உயரத்தில் இருக்கிறது. ஐசனோவர் சுரங்கப்பாதை வழியாகச் செல்ல அனுமதியில்லாத அபாயச் சரக்கு லாரிகள் கடப்பதற்காக யூ.எஸ். 6 நெடுஞ்சாலை குளிர்காலத்திலும் திறந்தே வைக்கப்படுகிறது. இதனால் காரை நிறுத்திய இடத்திலிருந்து சில நிமிடங்களிலேயே, யாரும் பராமரிக்காத, யாரும் காவல் செய்யாத மலைச்சரிவுகளுக்குள் நுழைந்துவிட முடிகிறது. இத்தகைய பகுதிகளைத்தான் பேக்கண்ட்ரி என்கிறார்கள். பனிச்சறுக்கு மைதானங்களில் ஊழியர்கள் அதிகாலையிலேயே வெடிவைத்து, நிலையற்ற பனியை ஆள் நடமாட்டத்துக்கு முன்பே சரியவைத்துவிடுவார்கள். பேக்கண்ட்ரியில் அப்படி யாரும் செய்வதில்லை. சாலைக்கு எவ்வளவு அருகில் இருந்தாலும் அங்குள்ள பனி இயற்கை விட்ட நிலையிலேயே இருக்கும். வாகனங்களின் ஓசை கேட்கும் தொலைவில் நிற்பவருக்கு இந்த வேறுபாடு எளிதில் மனத்தில் பதிவதில்லை.

அந்தக் குளிர்காலத்தின் பனிப்படலம்

கொலராடோவின் பனி, பசிபிக் கடலோர மலைகளின் பனியைப் போன்றதன்று. கடலோரத்தில் ஈரமும் மிதமான குளிரும் சேர்ந்து ஆழமான, ஓரளவு விரைவாக இறுகும் பனிப்படலத்தை உண்டாக்குகின்றன. கடலிலிருந்து நெடுந்தொலைவில் உள்ள கொலராடோவிலோ முன்குளிர்காலப் பனி மெல்லியதாக விழுந்து, நீண்ட, தெளிவான, கடுங்குளிர் இரவுகளில் வாரக்கணக்கில் கிடக்கிறது. பின்னால் வரும் பெரிய ஆபத்துக்கு வித்து இந்த மெல்லிய பனியில்தான் விழுகிறது.

காரணம் வெப்பநிலை வேறுபாடு. பனிக்கு அடியில் உள்ள தரை ஏறத்தாழ 0 டிகிரி செல்சியஸிலேயே நிற்கும். மேற்பரப்போ தெளிந்த இரவில் -20 டிகிரிக்கும் இறங்கிவிடும். பனி இரண்டு மீட்டர் ஆழம் இருந்தால் இந்த வேறுபாடு அந்த ஆழம் முழுவதும் பரவி, மீட்டருக்கு 10 டிகிரி என்ற அளவில் நிற்கும். அரை மீட்டர் மட்டுமே இருந்தால் அது மீட்டருக்கு 40 டிகிரியாகிவிடும். மீட்டருக்கு 10 டிகிரியைத் தாண்டும்போது பனிக்குள்ளிருக்கும் நீராவி அடியிலிருந்து மேல்நோக்கி வேகமாக நகர்ந்து, பனித்துகள்களை உள்ளிருந்தே மாற்றி அமைக்கத் தொடங்குகிறது. ஒன்றையொன்று பற்றியிருந்த உருண்டைத் துகள்கள் கரைந்து, பட்டை தீட்டியது போன்ற முகங்களும் விளிம்புகளும் கொண்ட பெரிய படிகங்கள் வளர்கின்றன. கையில் அள்ளினால் அவை ஒட்டாமல் சர்க்கரையைப் போல உதிரும். தரையை ஒட்டி இருக்கும் இந்த அடுக்கு மேலிருந்து அழுத்தும் எடையை ஓரளவு தாங்கும். பக்கவாட்டு இழுப்புக்கோ திடீர் அதிர்ச்சிக்கோ எளிதில் நொறுங்கும்.

வெயில் குறைவாகவே படும் வடக்கு நோக்கிய சரிவுகளில் இந்த அடுக்கு நன்கு வளர்ந்து, மாதக்கணக்கில் ஆறாமல் நிலைக்கிறது. 2012-13 குளிர்காலத்தின் தொடக்கம் கொலராடோவில் வறண்டதாக இருந்ததால், உயர்ந்த வடசரிவுகளின் அடியில் இந்த நலிந்த படிகங்கள் நன்றாக ஊன்றிக்கொண்டன. பிறகு வந்த புயல்கள் அதன் மேல் பனியைச் சேர்த்துக்கொண்டே போயின. ஏப்ரலில் மீண்டும் கனத்த பனிப்பொழிவு வந்தது. முகடுகளைக் கடக்கும் காற்று பனியை வாரிக்கொண்டு வந்து காற்றொதுங்கிய சரிவுகளில் கொட்டி, அதை இறுக்கி, கெட்டியான பாளமாக்கியது. ஏப்ரல் நடுவில் அந்தச் சரிவின் நிலை இதுதான்: மேலே பல அடி தடிமனுள்ள இறுகிய பனிப்பாளம், அடியில் பற்றில்லாத படிகங்கள், இரண்டையும் தாங்கிச் செங்குத்தாக இறங்கும் தரை.

3 என்ற எண்

கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையம் அன்றைக்கு அந்தப் பகுதிக்கு அறிவித்திருந்த அபாய நிலை, ஐந்து படிகளில் மூன்றாவது. ‘கணிசமான அபாயம்’ என்பது அதன் பெயர். ஆழமான, நெடுநாள் நீடிக்கும் பனிப்பாளங்கள் உடையக்கூடும் என்ற எச்சரிக்கையும் அதோடு இருந்தது. இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 18 அன்று, வேல் (Vail) கணவாய்க்கு அருகே ஸ்னோபோர்டு (பனியில் சறுக்கும் ஒற்றைப் பலகை) வீரர் ஒருவர் பனிச்சரிவில் இறந்திருந்தார். பனியின் நிலையை அறிய இதைவிடத் தெளிவான தடயம் தேவையில்லை.

ஆனாலும் ஐந்தில் மூன்று என்ற எண்ணுக்கு ஒரு தீய இயல்பு இருக்கிறது. அதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அளவுகோலின் நடுவில் நிற்பதால் அது நடுத்தரமானது போலத் தோன்றுகிறது. 3-ஆம் நிலையின் வரையறையோ, தானாகச் சரிவது நிகழக்கூடும், மனிதர் தூண்டிச் சரிவது எதிர்பார்க்கத்தக்கது என்கிறது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பேக்கண்ட்ரி மரணங்களில் பெரும்பங்கு இந்த நிலையில்தான் நிகழ்கிறது. 4, 5 நிலைகளில் மக்கள் தயங்கி வீட்டில் இருந்துவிடுகிறார்கள். 3-இல் கவனமாகப் போகலாம் என்று கிளம்புகிறார்கள்.

இதைவிட நுட்பமான சிக்கல் இன்னொன்று உண்டு. ஒரே எண் இருவேறு அபாயங்களைக் குறிக்கலாம். நேற்றைய புயலில் விழுந்த ஓரடிப் பனி பல இடங்களில் எளிதில் சரியக்கூடியதாக இருந்தாலும் 3 என்றே அறிவிக்கப்படும். அத்தகைய பனி பெரும்பாலும் காலடியிலேயே விரிசல் விட்டு எச்சரிக்கும். சரிந்தாலும் அளவில் சிறியதாக இருக்கக்கூடும். அடியாழத்தில் நலிந்த அடுக்கு இருந்து, அது சில இடங்களில் மட்டுமே தூண்டப்படக்கூடும், ஆனால் தூண்டப்பட்டால் மலைமுகம் முழுவதுமே பெயர்ந்துவிடும் என்ற நிலைக்கும் 3 என்றே அறிவிக்கப்படும். முதல் வகையில் தவறுக்குக் கொஞ்சம் இடம் உண்டு. இரண்டாவது வகையில் பத்துப் பேர் பத்திரமாகக் கடந்த இடத்தில் பதினொன்றாமவரின் காலடி பாளம் மெலிந்த ஒரு புள்ளியில் பட்டு, முழுச் சரிவையும் இறக்கிவிடலாம். எனவே எண்ணைவிட, அதோடு வரும் ‘எந்த வகைச் சிக்கல்’ என்ற விளக்கமே முடிவுக்கு அடிப்படையாக வேண்டும். ஷீப் கிரீக்கில் இருந்தது இரண்டாவது வகை.

அன்று காலை

பேக்கண்ட்ரி ஸ்னோபோர்டு ஆர்வலர்கள் அன்று கணவாய்ப் பகுதியில் ஒன்றுகூடியிருந்தார்கள். அங்கிருந்து புறப்பட்ட சிறு குழுக்களில் ஒன்றுதான் இந்த ஆறு பேர். அவர்கள் நெடுந்தூரம் செல்லத் திட்டமிடவில்லை. வடக்கு நோக்கிய பெரிய சரிவு மோசமானது என்று அறிந்து, அதன் மேல் ஏறாமல், அதற்கு அப்பால் இருந்த சிறிய மரக்கூட்டம் ஒன்றைச் சென்றடைந்து, அங்கிருந்து பாதுகாப்பானது என்று கருதிய வழியில் தொடர்வது அவர்களுடைய எண்ணம். ஆனால் அந்த மரக்கூட்டத்தை அடையும் வழி, அவர்கள் அஞ்சிய அதே சரிவின் அடிவாரத்தைக் கடந்து சென்றது. அதை உணர்ந்தே ஒருவருக்கொருவர் ஏறத்தாழ 50 அடி இடைவெளி விட்டு நடந்தார்கள்.

அடிவாரத்தில் அவர்கள் நடந்துகொண்டிருந்தபோது காலடியில் பனி ‘வும்ப்’ என்று அமுங்கியது. அவர்கள் நின்ற இடம் சரியக்கூடிய செங்குத்து அன்று. ஆனாலும் தலைக்கு மேலே பனிப்பாளம் உடைந்தது. உடைந்த விளிம்பு ஏறத்தாழ 800 அடி அகலம்; மிக ஆழமான இடத்தில் 12 அடி உயரம். பனி செங்குத்தாக ஏறத்தாழ 600 அடி இறங்கி, ஓடைப் பள்ளத்தை நிரப்பியது. ஆறு பேரும் அதற்குள் அகப்பட்டார்கள்.

கீழே நிற்பவர் மேலே உள்ள சரிவை எப்படி உடைக்க முடியும்? நலிந்த அடுக்கில் உள்ள படிகங்கள் நொறுங்கும்போது அடுக்கின் தடிமனே குறைந்து, மேலிருக்கும் பாளம் சிறிது கீழே இறங்குகிறது. அவர்கள் கேட்ட ‘வும்ப்’ ஒலி அதுதான். பாளம் இறங்கும்போது வளைந்து, அடுத்துள்ள படிகங்களையும் நொறுக்குகிறது; இப்படி முறிவு தன்னைத் தானே முன்னே செலுத்திக்கொண்டு, நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் அடுக்கு நெடுகப் பரவுகிறது. தட்டையான தரையிலும் இது நிகழும். அங்கே சரிய வழியில்லாததால் ஒலியோடு முடிந்துவிடும். அந்த முறிவு 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவின் அடிக்குப் போய்ச் சேர்ந்தால், தாங்குவதற்கு ஒன்றுமில்லாத பாளம் நகரத் தொடங்குகிறது. பாளம் கெட்டியாகவும் தடிமனாகவும் இருந்தால் முறிவு நெடுந்தொலைவு பரவ அது துணைசெய்யும். கோடைகால மலையேற்றப் பழக்கத்தில் கீழே நடப்பவர் மேலுள்ள பாறையைப் பெயர்க்க முடியாது, பனியில் முடியும்.

ஐம்பது அடி இடைவெளி

இந்த நிகழ்வில் என்னை மிகவும் வருத்துவது இந்த இடைவெளிதான். அது அக்கறையின் அடையாளம்; பயிற்சியில் கற்றதைக் கடைப்பிடித்ததன் அடையாளம். ஆறு பேர் 50 அடி இடைவெளியில் நடந்தால் முதல்வருக்கும் கடைசியானவருக்கும் இடையே 250 அடி. பாளம் உடைந்த அகலம் 800 அடி. அந்த வரிசையைப் போல மூன்று மடங்கு நீண்ட வரிசையும் அதற்குள் அடங்கிவிடும். இடைவெளியை 100 அடியாக்கியிருந்தாலும் ஆறு பேரும் உள்ளேதான் இருந்திருப்பார்கள்.

இடைவெளி விடும் வழக்கத்துக்கு இரண்டு நோக்கங்கள் உண்டு. ஒன்று, பனியின் மேல் ஒரே இடத்தில் விழும் எடையைக் குறைப்பது. மற்றொன்று, சரிந்தால் ஒருவர் மட்டும் சிக்கி, மற்றவர்கள் தேடுவதற்கு வெளியே இருப்பது. இரண்டாவது நோக்கம் நிறைவேற வேண்டுமானால் இடைவெளியைத் தீர்மானிப்பது மனிதர்களுக்கு இடையிலான அடிக்கணக்காக இருக்க முடியாது. சரிவுப் பாதையின் அகலமே அதைத் தீர்மானிக்க வேண்டும். பாதைக்கு வெளியே உறுதியான இடத்தில் ஐவர் நிற்க, ஒருவர் மட்டும் கடந்து மறுபக்கத்து உறுதியான இடத்தை அடைந்த பிறகே அடுத்தவர் புறப்பட வேண்டும். ஆறு பேருக்கு இது நெடுநேரம் பிடிக்கும். ஆழமான பாளத்தின் அடிவாரத்தில் இதுவும் முழுப் பாதுகாப்பு ஆகாது, கடக்கும் ஒருவர் இறக்கலாம். அன்று ஓடைப் பள்ளத்தில் நிகழ்ந்ததோடு ஒப்பிட்டால் வேறுபாடு ஐந்து உயிருக்கும் ஓர் உயிருக்கும் இடையில் உள்ளது. அந்த ஓர் உயிரும் தேடப்பட்டிருக்கும்.

ஏனெனில் பீக்கன் தானாக யாரையும் காப்பாற்றுவதில்லை. அது அனுப்பும் அலையைப் பிடிக்க வெளியே ஒருவர் நிற்க வேண்டும். பனியில் புதைந்தோரின் உயிர்பிழைப்பு பற்றி 1994-இல் வெளிவந்த சுவிட்சர்லாந்துத் தரவுகளின்படி, முதல் 15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைத்தனர். 35 நிமிடங்களில் அது பத்தில் மூன்றாகச் சரிந்தது. பெரும்பாலோரின் உயிரைப் பறிப்பது மூச்சுத்திணறல். இந்த நேரத்துக்குள் வேறு இடத்திலிருந்து மீட்புக் குழு வந்து சேர்வது அரிது; உடன் வந்தவரே மீட்பர். ஷீப் கிரீக்கில் உடன் வந்த எல்லோருமே புதைந்திருந்தார்கள். உயிர் பிழைத்தவருக்கு ஒரு கை மட்டுமே அசைந்தது. அவர் முகத்தைச் சுற்றியிருந்த பனியை விலக்கிக்கொள்ள முடிந்ததே தவிர, தன்னை விடுவித்துக்கொள்ளவோ தோழர்களைத் தேடவோ முடியவில்லை. சரிந்து நின்ற பனி அந்தக் கணமே இறுகிவிடும் என்பதால், இடுப்பு வரை புதைந்தவர்கூடத் தன் வலிமையால் வெளியேறுவது கடினம்.

நிலத்தின் வடிவமும் அவர்களுக்கு எதிராக இருந்தது. அகன்ற சமவெளியில் முடியும் சரிவில் பனி விசிறியாகப் பரவி மெலியும். குறுகிய பள்ளத்தில் முடியும் சரிவில் அது ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். இத்தகைய பள்ளங்களைப் பனிச்சரிவு வல்லுநர்கள் நிலப்பொறி என்று வகைப்படுத்துகிறார்கள். பல அடி ஆழத்தில் கிடப்பவரைப் பீக்கன் துல்லியமாகக் காட்டினாலும், மண்வாரியால் அவ்வளவு இறுகிய பனியைத் தோண்டி எடுக்கும் நேரமே அவருடைய உயிருக்கு முடிவாகிவிடும்.

எங்கே மாற்றி முடிவெடுத்திருக்கலாம்

பனியில் குழி தோண்டிச் சோதித்திருந்தால் தெரிந்திருக்குமே என்ற கேள்வி இங்கே எழும். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. குழியின் மேல் தட்டிப் பார்க்கும் சோதனைகள் மேற்பகுதியின் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்தில் உள்ள அடுக்குகளுக்கே பயன்படும்; பல அடித் தடிமனுள்ள பாளத்துக்கு அடியில் இருக்கும் அடுக்கை அந்தத் தட்டல் எட்டாது. குழி தோண்டிய இடத்துக்குப் பத்தடி தள்ளிப் பாளம் மெலிந்திருக்கலாம். மேலும், அடிவாரத்திலிருந்தே அப்பால் உள்ள சரிவைத் தூண்டக்கூடிய பனியில், சோதிக்க வேண்டிய இடத்துக்குப் போவதே ஆபத்து. முன்னறிவிப்பும் இரண்டு நாள் முந்தைய மரணமும் குழி சொல்லக்கூடியதை முன்பே சொல்லிவிட்டிருந்தன.

நிலத்தைப் படிப்பதே அன்று பயன்பட்டிருக்கக்கூடிய அறிவு. அதற்குப் பனியைத் தொடவே வேண்டியதில்லை. சமவுயரக் கோடுகள் உள்ள வரைபடமும் சாய்வுமானியும் போதும். ஒரு சரிவின் மேல்விளிம்பை, நாம் நிற்கும் இடத்திலிருந்து சாய்வுமானியால் நோக்கினால் ஒரு கோணம் கிடைக்கும். அந்தக் கோணம் பெரிதாக இருக்குமளவு, நாம் பனி வந்து சேரும் எல்லைக்குள் இருக்கிறோம். மிகப் பெரிய சரிவுகள் 20 டிகிரி அளவுக்குக் கோணம் குறையும்வரைகூட ஓடி வந்திருக்கின்றன. மரங்களும் செய்தி சொல்லும்: இரண்டு காடுகளுக்கு நடுவே மரமற்ற பட்டை, மேல்பக்கத்துக் கிளைகள் முறிந்த ஊசியிலை மரங்கள், ஒரே உயரத்தில் நிற்கும் இளங்கன்றுகள் ஆகியவை பழைய சரிவுகளின் பாதையைக் காட்டுகின்றன. மரவரம்பை ஒட்டிய ஒரு சிறு மரக்கூட்டம் நிலைத்து நிற்பதை வைத்து, அதை அடையும் வழியும் பாதுகாப்பானது என்று கருத முடியாது.

மனம் செயல்படும் விதத்தையும் இங்கே விட்டுவிட முடியாது. பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்த இயன் மெக்கமன், பழகிய இடம், எடுத்த முடிவில் உறுதி, குழுவில் அனுபவசாலி இருக்கிறார் என்ற நம்பிக்கை, பிறர் முன்னிலை போன்றவை பயிற்சி பெற்றவர்களின் தீர்ப்பையும் திரிப்பதை 2000-களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். ஒன்றுகூடலின் உற்சாகம், ஆறு அனுபவசாலிகள், குறுகிய தூரம், கூப்பிடு தொலைவில் சாலை என்று இவற்றில் பல அன்றும் இருந்தன. ஆனால் இவற்றைவிட வலுவாகச் செயல்பட்டது அவர்களுடைய திட்டமே என்று நினைக்கிறேன். ஆபத்தான சரிவை அடையாளம் கண்டு, அதில் ஏறாமல் இருக்க முடிவெடுத்த பிறகு, அபாயத்துக்குப் பதில் கண்டுவிட்டோம் என்ற நிறைவு வருவது இயல்பு. அந்த நிறைவுக்குப் பின், அதே சரிவின் கீழ் நடக்க வேண்டிய சிறு தொலைவு திட்டத்தின் ஒரு விவரமாகச் சுருங்கிவிடுகிறது. சரிவின் மேல் ஏறுவதையும் சரிவின் கீழ் கடப்பதையும் வெவ்வேறு அபாயங்களாகப் பார்க்கும் பழக்கம் மேலோட்டப் பனிக்கு ஓரளவு பொருந்தும். ஆழமான பாளத்துக்கு இரண்டும் ஒரே அபாயம்.

ஆகவே அன்றைய மாற்று வழி, சரிவின் அடிவாரத்தையும் சேர்த்தே விலக்கிய வழியாக இருந்திருக்க வேண்டும். 30 டிகிரிக்குக் குறைந்த சாய்வும், மேலேயும் பக்கவாட்டிலும் செங்குத்துச் சரிவுகள் தொடராத நிலமும் மட்டுமே இத்தகைய நாள்களுக்கு உரியவை. அப்படிப்பட்ட வழி அந்தப் பள்ளத்தில் இல்லையென்றால், அந்தப் பள்ளத்துக்குள் அன்று போகக் கூடாது. எவ்வளவு காலம் போகக் கூடாது என்பதையும் பனிப்படலமே தீர்மானிக்கும். புயல் பனி சில நாள்களில் இறுகிவிடும். தரையை ஒட்டிய படிகங்கள் அப்படி இறுகுவதில்லை. வசந்தகால உருகுநீர் பாளம் முழுவதையும் ஊடுருவி அடிவரை இறங்கி, இரவுகளில் மீண்டும் உறைந்து, அந்தப் படிகங்களை ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும். அந்த உயரத்தில், வெயில் தாமதமாகவே சேரும் வடசரிவுகளில், இதற்கு ஏப்ரலுக்குப் பிறகும் வாரங்கள் ஆகும்.